41 வயது வரை டாக்சி ஓட்டிய இசையமைப்பாளர்: பிலிப் கிளாஸ் எப்படிப் பிழைத்தார்?

எட்டாம்கட்டை (கேள்வி)

திருச்சியில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு சர்ச்சில் ஆர்கன், முகூர்த்த நாட்களில் ரிசப்ஷன் மேடை. ராத்திரியில் வயலின், செல்லோ, புல்லாங்குழல் சேர்ந்த சின்னக் குழுவுக்கு நானாக எழுதுகிறேன். வீட்டில் "ஏதாவது ஒன்றைப் பிடி" என்கிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 41 வயது வரை டாக்சி ஓட்டினார் என்று படித்தேன். அதுவரை அவருக்கு வாய்ப்பே வரவில்லையா? அப்புறம் ஓபரா, சினிமா, கச்சேரி என்று எல்லாவற்றிலும் எப்படி இருந்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லோப்பெட்டி

தம்பி, வாய்ப்பு வராமல் இல்லை. 1976 ஜூலையில் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' அரங்கேறியது. நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து செய்த ஓபரா, அதாவது இசைநாடகம். இடைவேளை கிடையாது, ஐந்து மணி நேரம் ஓடும். பார்க்க வந்தவர்கள் நடுவில் எழுந்து போய் வரலாம். நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இரண்டு ஞாயிறுகள், இரண்டும் அரங்கம் நிறைந்தது. ஆனால் டிக்கெட் எல்லாம் விற்றாலும் செலவு அதைவிட அதிகம். கடைசியில் நின்றது சுமார் ஒரு லட்சம் டாலர் கடன். அவர் மறுபடி டாக்சிக்குப் போனார். பெயர் வராததால் ஓட்டிய டாக்சி இல்லை அது, பெயர் வந்த பிறகும் ஓட்டியது.

வேறு வேலைகளும் பார்த்திருக்கிறார். பிறந்த ஊரான பால்டிமோர் பக்கம் இரும்பாலையில் வேலை. இன்னொரு இசையமைப்பாளரான ஸ்டீவ் ரைக்கோடு சேர்ந்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். பிளம்பர் வேலை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் மாட்டப் போனால், அந்த வீட்டுக்காரர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். இவரை அடையாளம் கண்டு அதிர்ந்துபோனாராம்.

நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தவர், பாரீசில் பெயர்பெற்ற ஆசிரியை நாதியா பூலான்ஷேயிடம் கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் முறை) கற்றவர். கல்லூரி வாத்தியார் வேலைக்கு முயன்றிருக்கலாம், முயலவில்லை. மூன்று வாரம் வெளியூர்க் கச்சேரி என்றால் அன்றே விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்ததும் தொடரக்கூடிய வேலையைத்தான் பிடித்தார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் நாம் படிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இரண்டாவது, அவருடைய குழு. 1968 வாக்கில் ஃபார்ஃபிசா என்ற மின் ஆர்கன்கள், சாக்சஃபோன், புல்லாங்குழல் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியோடு வைத்துத் தன் ஆட்களைச் சேர்த்தார். தானும் கீபோர்டில் உட்கார்ந்தார். ஓவியர்களின் மாடிகள், கேலரிகள், மியூசியங்கள் என்று கிடைத்த இடத்தில் வாசித்தார்கள். அந்த இசையின் நோட்டை (எழுதிய இசைக்குறிப்பை) வெளியார் யாருக்கும் தரவில்லை. கேட்க வேண்டுமா, இந்தக் குழுவைத்தான் கூப்பிட வேண்டும். பின்னாளில் பதிப்புரிமையையும் சொந்த நிறுவனத்தில் வைத்துக்கொண்டார். யாரோ வாசிப்பார்கள் என்று காத்திருந்தால் அந்தப் பாட்டுகளை அப்போது ஒரு சிம்பொனிக் குழுவும் தொட்டிருக்காது. நாற்பது வருஷமாகப் பிறர் எழுதியதை வாசிக்கிறவன் சொல்கிறேன், நம்பு.

தொப்பிமடக்கு

மிருதங்கக்காரன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1960களின் நடுவில் பாரீசில் ஒரு படத்துக்கு ரவிசங்கர் இசையமைத்தபோது, அதை பிரெஞ்சுக் கலைஞர்களுக்கு நோட்டில் எழுதிக்கொடுத்தவர் கிளாஸ். எப்படி எழுதினாலும் அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது என்று தபேலா வாசித்த அல்லா ரக்கா விடவில்லை. கடைசியில் கிளாஸ், தாளத்தைப் பிரித்துக் காட்ட நோட்டில் போடும் செங்குத்துக் கோடுகளை (பார் கோடுகள்) எல்லாம் அழித்துப் பார்த்தார். அப்போதுதான் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓடும் கணக்கு கண்ணில் பட்டது.

அதன் பிறகு அவர் எழுதியதை நம் காதால் கேட்டுப் பாருங்கள். 'டூ பேஜஸ்' என்ற அவருடைய படைப்பு ஐந்து சுரங்களில் தொடங்கிக் கூடியும் குறைந்தும் போகும். தக, தகிட, தகதிமி, தகதகிட என்று ஸ்ரோதோவஹ யதியில் (சின்னதில் தொடங்கிப் பெரிதாகும் தாள அமைப்பில்) வளர்த்துக்கொண்டே போவோமே, கிட்டத்தட்ட அந்த வழிதான். ஆனால் நாம் செய்வதுபோல் கோர்வை கட்டி (கணக்கை முடிக்கும் சொற்கட்டு), தீர்மானம் என்ற முடிவுக்குக் கொண்டுவந்து விடமாட்டார். எனக்கு அது குறையாகவே தோன்றும்; ஒவ்வொரு முறையும் சமத்தை (தாளத்தின் முதல் அடியை) தேடித் தவிப்பேன்.

எட்டாம்கட்டை

இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, ஒரு சந்தேகம். இத்தனை துறையில் கால் வைத்தால் எழுத்து நீர்த்துப் போகாதா?

செல்லோப்பெட்டி

சில படங்களில் நீர்த்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு நாடகம்தான் ஆரம்பத்திலிருந்தே அடித்தளம். ஓபராவும் நடனமும் சினிமாவும் அதன் கிளைகள். டாக்சியிலிருந்து இறக்கியதும் ஓபராதான். நெதர்லாந்துக்காரர்கள் கேட்டு எழுதிய 'சத்யாகிரகா', 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்கக் காந்தியைப் பற்றியது. பாடுவது முழுக்க கீதையின் சமஸ்கிருத வரிகள். பித்தளை வாத்தியமும் தாளவாத்தியமும் கிடையாது. தந்திகள், மரக்குழல்கள், ஆர்கன் மட்டும். கடைசி அங்கம் தென்னாப்பிரிக்காவின் நியூகாசிலில் 1913இல் தொடங்கிய நடைப்பயணம். அதில் நடந்த சுரங்கத் தொழிலாளிகளில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அதை நினைத்துக்கொண்டு கடைசிப் பாட்டைக் கேள். ஏறுகிற ஒரே வரியைத்தான் காந்தி திரும்பத் திரும்பப் பாடுவார். எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

நீ பியானோக்காரன் என்பதால் அவருடைய எட்யூட்களிலிருந்து (பயிற்சிக்கான பியானோத் துண்டுகள்) தொடங்கு, மொத்தம் 20. தன் விரல் தேற வேண்டும் என்று 1990களில் எழுத ஆரம்பித்து 2012இல் முடித்தார். தானே மேடையில் வாசிக்க எழுதியவை. 2ஆவது மெதுவானது, கைக்கு வரும். 6ஆவது வலது கை மணிக்கட்டைச் சோதிக்கும், அவசரப்படாதே. உன் குழுவுக்கு எழுதியதை இங்கே போடு தம்பி, செல்லோ வரியை நான் வாசித்து அனுப்புகிறேன்.