விஆர் (மெய்நிகர் காட்சி) எழுதப் பழக உலாவி போதுமா, கேம் எஞ்சின் வேண்டுமா?

மலைக்கோட்டை: கல்லூரிப் பிள்ளைகள் 8 பேருக்கு ஞாயிறுதோறும் விஆர் சொல்லித் தருகிறேன். இருப்பது ஒரே ஹெட்செட், மெட்டாவின் பழைய குவெஸ்ட். மோசில்லா குழு 2015இல் வெளியிட்ட ஏ-ஃபிரேம் என்ற, உலாவியில் விஆர் எழுதும் கருவியில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எச்டிஎம்எல் மாதிரி நாலு டேக் எழுதினால் உலாவியிலேயே ஒரு அறை எழும்பி நிற்கிறது. ஹெட்செட் கைக்கு வராதவர்கள் மவுஸை இழுத்துச் சுற்றிப் பார்க்கலாம். சரிதானே?

ஷேடர்தாசன்: சரியில்லை நண்பரே. குவெஸ்ட்டில் நொடிக்கு 72 பிரேமாவது, அதாவது 72 படமாவது, வர வேண்டும். ஒரு பிரேமுக்கு 14 மில்லிசெகண்டுகூடக் கிடைக்காது, அதிலும் உலாவி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடிய காட்சி தலையில் மாட்டியதும் திணறும், பார்ப்பவருக்குக் குமட்டும். இதை முதல் மாதமே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரே யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் இறக்குங்கள்.

மலைக்கோட்டை: யூனிட்டி 2023 செப்டம்பரில் நிறுவல் எண்ணிக்கையை வைத்து ரன்டைம் கட்டணம் அறிவித்து, ஓராண்டு கழித்துத்தான் கைவிட்டது. பிள்ளைகளை ஒரே நிறுவனத்தின் வாசலில் நிறுத்த எனக்கு மனசில்லை.

இடதுகை: அப்படியானால் கோடோ என்ற திறந்தமூல எஞ்சினைப் பாருங்கள் அண்ணா. 2023இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன்எக்ஸ்ஆர் உள்ளேயே இருக்கிறது. குரோனோஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019இல் கொண்டுவந்த, பல நிறுவன ஹெட்செட்டுகளுக்கான பொதுத்தரம் அது. இந்தப் பொத்தான், அந்தப் பொத்தான் என்று கோடில் எழுத வேண்டாம். 'பிடி' என்று ஒரு செயலுக்குப் பெயர் வைத்தால் போதும். எனக்கு வலது கையில் பிடிமானம் கிடையாது. 'பிடி'யை இடது ட்ரிகருக்கு மாற்றினேன், கோடில் ஒரு வரி தொடவில்லை. கதவைத் திறந்தேன்!

ஷேடர்தாசன்: அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பொதுத்தரம் எங்கும் செல்லாது. ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட் ஓப்பன்எக்ஸ்ஆரை ஏற்கவில்லையே?

இடதுகை: ஏற்கவில்லைதான். ஆனால் அதன் இயங்குதளம் விஷன்ஓஎஸ் 2 வந்ததிலிருந்து, அதன் சஃபாரி உலாவியில் வெப்எக்ஸ்ஆர் ஓடுகிறது. ஏ-ஃபிரேம் நம்பியிருக்கும் உலாவி விஆர் தரம் அது. அண்ணாவின் ஏ-ஃபிரேம் பக்கம் அங்கேயும் திறக்கும்.

ஷேடர்தாசன்: திறப்பது வேறு, திணறாமல் ஓடுவது வேறு. அப்புறம், 8 பேருக்கு ஒரு ஹெட்செட் என்றால் ஆளுக்கு எவ்வளவு நேரம்?

மலைக்கோட்டை: வகுப்பு 2 மணி நேரம், ஆளுக்கு 15 நிமிடம். யூனிட்டியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பில்ட் போட்டு (செயலியாகக் கட்டி) ஹெட்செட்டில் ஏற்றிக்கொண்டிருந்தால் அதிலேயே பாதி போய்விடும். ஏ-ஃபிரேமில் பக்கத்தை ரீலோட் செய்தால் போதும். பிரேம் கணக்கையும் அந்த 15 நிமிடத்திலேயே காட்டச் சொல்கிறேன், உங்கள் பேச்சுக்காக.