குடல் பாக்டீரியாவும் அழற்சியும்: உங்களால் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஆய்வகவாசி:
எதிர்ப்பாற்றலை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்தவர்களுக்கு இது புரியும். வழக்கமான கூண்டில் இருந்தவை கழிச்சலால் மெலிந்து கூனிக் கிடக்க, கிருமியே புகாத கூடாரத்தில் வளர்ந்தவை துறுதுறுவென்று ஓடின. இரண்டின் பெருங்குடலையும் வடிதாளின் மேல் அருகருகே வைத்தேன். ஒன்று தடித்துக் குறுகியிருந்தது. மற்றதன் சுவர், உள்ளிருந்த கழிவு வெளியே தெரியுமளவு மெல்லியதாக இருந்தது. ஐஎல்-10 இரண்டிலுமே இல்லை என்றாலும், பாக்டீரியா இருந்த குடல் மட்டுமே புண்ணாகியிருந்தது.

தஞ்சாவூரான்:
சுண்டெலி எதற்கு? என் தம்பிக்குக் குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் க்ரோன் நோய் (முதலில் குடல் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தது தனிக்கதை, இங்கே பலருக்கும் பழக்கமானது). நோயுற்ற பகுதியை வெட்டி இணைத்துவிட்டு, இணைப்புக்கு மேலேயே சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிப் பை மாட்டினார்கள். பை இருந்தவரை இணைப்பைச் சுற்றி ஒரு புண்கூட இல்லை. பையை எடுத்த சில மாதங்களில், கொலோனோஸ்கோப்பித் திரையில் இணைப்புக்குச் சற்று மேலே வெண்புண்கள் வரிசையாகத் தெரிந்தன. மருந்தும் உணவும் மாறவில்லை. கழிவும் அதிலுள்ள பாக்டீரியாவும் அவ்வழியே மீண்டும் போயின, அவ்வளவுதான்.

மதுரைச் செவிலி:
தஞ்சாவூரார் சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. வேறொரு நோய்க்காக என் அம்மாவுக்குப் பை வைத்தபின், அதுவரை நலமாக இருந்த, இப்போது பயன்படாமல் கிடந்த பெருங்குடலில் சளியும் இரத்தமும் கசிந்தன. கருவி பட்ட இடமெல்லாம் சிவந்து இரத்தம் துளிர்த்ததைத் திரையில் நானே பார்த்தேன். நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பாக்டீரியா தரும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களின் முதன்மை எரிபொருள் என்பதோடு, எதிர்ப்பணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் டி-ரெக் செல்கள் பெருகவும் அது உதவுகிறது. பாக்டீரியாவுக்கு உணவு வராததால் அந்த வரத்து நின்றது. க்ரோன் நோயாளிகளின் குடலில் குறைந்திருப்பதாக 2008இல் அறியப்பட்ட ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சியும் பியூட்டிரேட் தரும் இனந்தான். எல்லாப் பாக்டீரியாவையும் எதிரியாக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும். வலியும் இரத்தமும் நின்றுவிட்டதால் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கப் போனபோது, மலத்தில் 50க்குள் இருக்க வேண்டிய கால்ப்ரொடெக்டின் 900ஐத் தாண்டியிருந்த தாளை மருத்துவர் பேசாமல் என் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளணுக்கள் குடலுக்குள் கொட்டும் புரதம் அது. எனக்குத் தெரியாமலே உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

இனி பொதுவாகச் சில சொல்கிறேன். மோரும் பழைய சோறும் போதுமென்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். நன்மை தரும் பாக்டீரியா என்று கடையில் விற்கும் புரோபயாடிக் எல்லாம் ஒன்றல்ல. 1917இல் ஜெர்மானிய மருத்துவர் நிஸ்லே பிரித்தெடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வகை, அல்சரேட்டிவ் கொலைடிஸ் திரும்பாமல் காப்பதில் மெசலமைனுக்கு ஏறத்தாழ நிகராகச் சோதனைகளில் நின்றது என்பதற்காக எந்தப் பொட்டலமும் அதைச் செய்துவிடாது. செவிலியம்மா சொன்ன நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் குடல் சுருங்கியவர்கள் கீரைத்தண்டை அள்ளித் தின்றால் அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையைத் தவறவிடாதீர்கள். தஞ்சாவூரான், உங்கள் தம்பி புகைபிடிப்பவரா? அப்படியானால் பாக்டீரியாவைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் க்ரோன் புண் திரும்புவதற்கு அது பெரிய காரணம்.