ஒற்றைக் கம்பு பிரமிட் டென்ட்: அடித்துப் படுத்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்

சந்தூர்_தோப்பு

ஆகஸ்டில் லடாக், மார்கா பள்ளத்தாக்கு போகிறோம். டோம் டென்டைக் கழித்துவிட்டு பிரமிட் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எடை எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். போன மே மாதம் நடந்தது ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நண்பனுடைய இரண்டாள் பிரமிட், சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான்). மாமாவின் மாந்தோப்பில் அடித்துப் பார்த்தேன். நாலு மணிவரை இலை அசையவில்லை. இருட்டியதும் கோடை மழை. நம்ம ஊர்க் கோடை மழை தெரியும்தானே, தண்ணீருக்கு முன்னால் காற்று வரும், காற்றுக்கும் முன்னால் புழுதி வரும். பெங்களூரா மாங்காய்கள் பொத்துப் பொத்தென்று விழ ஆரம்பித்தன. ஒரு காய் டென்ட்டின் சரிவிலேயே விழுந்தது. துணி என் நெற்றி வரைக்கும் குழிந்து வந்து, காயை அப்படியே வழுக்கிக் கீழே விட்டது. கிழியவில்லை. பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் அடுத்த காற்று. நடுக்கம்பின் அடி தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்குகிறது. துணி நனைந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் ரூமிலிருந்து மாமா கத்துகிறார்: "மாப்ள, அந்தக் குடையத் தூக்கிக்கிட்டு இங்க வாடா!"

போகவில்லை. மழை விடும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். என் கேள்வி இதுதான்: இது துணியின் கோளாறா, பிரமிட்டே இப்படித்தானா? நைலானை விட்டு டைனீமா (மெலிசான, விலை கூடிய டென்ட் துணி) போனால் இந்தத் தொல்லை இருக்காதா?

ராயக்கோட்டை_பாறை

உங்களுக்கு முளை மண்ணில் இறங்கியதே, அதுவே பெரிய விஷயம். எங்கள் பக்கம் வந்து அடித்துப் பாருங்கள். மேலே நாலு விரல் சரளை, கீழே முழுப் பாறை. டைட்டானியம் கொக்கி முளை எல்லாம் கல்லில் பட்டதும் கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடும்.

நண்பரின் பட்டா நிலத்தில் ஒரு மொட்டைப் பாறை. முளையே இல்லாமல் கல் வைத்துக் கட்டினோம். கயிற்றைச் சின்னக் கல்லில் சுற்றி, டென்ட்டுக்கும் அந்தச் சின்னக் கல்லுக்கும் நடுவில் கயிற்றின் மேலேயே பெரிய கல்லை உருட்டி வைக்க வேண்டும். காற்று இழுத்தால் சின்னக் கல் வந்து பெரிய கல்லில் முட்டி நின்றுவிடும். அது பிரமாதமாக நின்றது. ஆனால் நடுராத்திரியில் ஒரு சத்தம். கரக், கரக் என்று யாரோ பல்லைக் கடிப்பது போல. டார்ச் அடித்துப் பார்த்தால், துணி ஆட ஆடக் கயிறு பாறை விளிம்பில் ராவிக்கொண்டிருக்கிறது. மேல் பின்னல் முழுக்க அறுந்து, உள்ளே இருக்கும் வெள்ளை இழை தெரிகிறது. இன்னும் அரைமணி விட்டிருந்தால் அந்த மூலை போயிருக்கும். ஒரு மூலை போனால் பிரமிட்டில் மிச்சம் என்று எதுவும் இல்லை.

அதனால் எடையை விட்டுத்தள்ளுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றரை மீட்டர் தடித்த கயிறு தனியாக எடுத்துப் போங்கள். லடாக்கிலும் பல இடம் கல்லுதான். அப்புறம், சுழற்காற்றில் மாமரத்தடியில் யாராவது டென்ட் அடிப்பார்களா? விழுந்தது காய், கிளையாக இருந்திருந்தால்?

அரூர்_அக்கா

மார்காவுக்கு டென்டே எதற்கு என்று கேட்க வந்தேன். வழியில் ஊருக்கு ஊர் வீட்டில் தங்க இடம் கொடுக்கிறார்கள். சரி, ஆசைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பிரச்சினை காற்று இல்லை, தரை. அடித்துணி இல்லாத பிரமிட், கீழே ஒரு பாலிதீன் ஷீட். சித்தேரியில் தெரிந்தவர்கள் வீட்டுக் களத்தில் படுத்திருந்தோம். காலையில் ஷூவை எடுக்கக் கை நீட்டுகிறேன், ஷூவுக்குள் கருகருவென்று ஒரு நட்டுவாக்காலி, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. கடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அது எந்தப் பக்கமாக ஊர்ந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் தலைமாட்டில்தான் ஷூ இருந்தது.

அதற்கப்புறம் உள்வலை இல்லாமல் படுப்பதில்லை. தொட்டி மாதிரி ஓரம் தூக்கிய அடித்துணி, மேலே கொசுவலை, அதைப் பிரமிட் உச்சியிலேயே மாட்டிவிடலாம். கூடுதல் எடை முன்னூறு, நானூறு கிராம் வரும். வரட்டும். ஒன்று மட்டும் பிரமிட்டுக்குச் சாதகமாகச் சொல்வேன்: நடுவில் முட்டி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து உடை மாற்றலாம். தாழ்வான டென்ட்டில் படுத்துக்கொண்டே சுடிதார் மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஒசூர்_கிராம்கணக்கு

அக்கா சொல்வது நம்ம ஊருக்குச் சரி. லடாக்கில் 4,700 மீட்டருக்கு மேல், மார்கா வழியில் இருக்கும் நிமாலிங்கில் எந்த நட்டுவாக்காலி வரப்போகிறது? அங்கே எதிரி வேறு. நான் அங்கே டைனீமா பிரமிட்டில் படுத்தேன். பனி விழுகிறதே என்று கதவு, உச்சிக் காற்றுத்துளை எல்லாவற்றையும் இறுக்கி மூடியிருந்தோம். விடியற்காலை கூட்டாளி எழுந்து கம்பில் இடித்தார். உள்பக்கம் முழுக்க மூச்சுக்காற்று உறைந்து ஒட்டியிருந்தது, மொத்தமும் என் முகத்தில், கழுத்தில், திறந்திருந்த தூக்கப்பைக்குள். அவ்வளவுதான் என் கதை.

இப்போது துணிக்கு வருவோம், ஏனென்றால் மேலே யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் நீளும். தோப்பில் நடந்தது அதுதான். துணி தளர்ந்தது, கம்பின் மேல் அழுத்தம் போனது, காற்று தூக்கியது. அதற்கு டைனீமா வாங்க வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே கம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டியிருந்தால் நாலு பக்கமும் விறைத்திருக்கும். ஒற்றைக் கம்பின் பெரிய வசதியே இதுதான். இதற்காகவே நீட்டிக் குறைக்கும் ட்ரெக்கிங் போல் (நடுக்கம்பாக நிறுத்துகிற ஊன்றுகோல்) வேண்டும். மடக்கிப் பைக்குள் போடும் அளவு மாறாத போல் வைத்திருப்பவர்கள் பிரமிட் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, நம் ட்ரெக்கிங் போல் பெரும்பாலும் 130, 135 சென்டிமீட்டரில் நின்றுவிடும். இரண்டாள் பிரமிட் பலவற்றுக்கு 140க்கு மேல் கேட்கும். இரண்டு போலைச் சேர்த்துக் கட்டவோ, அடியில் தட்டைக் கல் வைக்கவோ வேண்டிவரும். வாங்கும் முன் உச்சி உயரத்தைப் பாருங்கள்.

சில்பாலி (சிலிக்கான் பூசிய பாலியஸ்டர்) நைலான் அளவுக்குத் தண்ணீர் குடிக்காது, தொய்வும் குறைவு, அதே எடையில் கிழிசலைத் தாங்குவதில் நைலானுக்குக் கொஞ்சம் கீழே. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. டைனீமா சதுர மீட்டருக்குப் பதினேழு, பதினெட்டு கிராமிலிருந்து கிடைக்கிறது, நைலான் அதைவிட இரண்டு மடங்கு. ஆனால் டைனீமா கொஞ்சம்கூட நீளாது என்பதால் மேடுபள்ளத் தரையில் மூலைகளைச் சரியாக வைக்காவிட்டால் சுருங்கித் தொங்கும். கல்லில் உரசினால் ஓட்டை. விலையோ ஒரு நல்ல பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கலாம், கஸ்டம்ஸ் தனி.

ஜிப் பற்றி ஒரு வார்த்தை. கதவைச் சாத்தும்போது முதலில் கீழே இருக்கும் கொக்கியை மாட்டிவிட்டு அப்புறம் ஜிப்பை இழுங்கள். இழுவை முழுவதையும் ஜிப்பின் மேல் போட்டால் ஒரு சீசனில் வாய் பிளந்துவிடும். கதவும் சரிவிலேயே இருப்பதால் மழையில் திறந்தால் உள்ளேதான் கொட்டும். பாதி மட்டும் திறந்து நுழையப் பழகுங்கள். உள்ளே அடுப்பு பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவையும் துளையையும் சாத்திக்கொண்டு பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு, எழுந்திருக்கவே மாட்டீர்கள். அறுகோண மாடல்களில் ஆறு முளை வேண்டும், நாலு பக்க மாடலை அவசரத்துக்கு நாலே முளையில் நிறுத்திவிடலாம், ஆனால் பக்கவாட்டு நடுப்புள்ளிகளையும் இழுத்துக் கட்டினால்தான் உள்ளே இடமும் கூடும், காற்றில் படபடப்பும் குறையும். மண்ணில் ஒய் வடிவ முளை. கொக்கி முளை, ராயக்கோட்டைக்காரர் சொன்ன மாதிரி, வீட்டில் துணி காயப்போட.

ராயக்கோட்டை_பாறை

கொக்கி முளை வளைகிறது என்றுதான் சொன்னேன், துணி காயப்போடச் சொல்லவில்லை. கல் சந்தில் இறங்குவது அதுதான், ஒய் முளை தலையே நுழையாது. ரெண்டும் கலந்து எடுத்துப் போங்கள்.

சந்தூர்_தோப்பு

கம்பை நீட்டலாம் என்ற யோசனை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம், அங்கே இருந்தவர் மாமா மட்டும்தான். மரத்தடி பற்றி: தோப்பில் மரம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது அண்ணா, சொல்லுங்கள். நெருக்க நடவு.

அஞ்செட்டி_ரோடு

துணி, முளை, வலை என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். லடாக் போகுமுன் எங்கே பழகிப்பார்ப்பீர்கள்? எல்லோரும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம்தான் வருகிறீர்கள்.

எங்கள் கேழ்வரகு வயலை ஒட்டிக் களத்தில் என் மச்சான் பிரமிட் அடித்துப் படுத்தான். அறுவடைச் சமயம். பனி மூட்டம். ராத்திரி எனக்கு முழிப்பு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், வயலிலிருந்து தாள் பிடுங்குகிற சத்தம், கூடவே அடிவயிற்றில் உருமுகிற சத்தம். மச்சான் உள்ளே ஹெட்லேம்ப்பைப் போட்டான். இருட்டில் அந்த மஞ்சள் டென்ட் முழுக்க ஒளிர்கிறது, உள்ளே அவன் நிழல் எழுந்து நிற்பது துல்லியமாகத் தெரிகிறது. வயலில் சத்தம் நின்றுவிட்டது. அந்த நிசப்தம்தான் எனக்கு இன்னும் போகவில்லை. நான் கூப்பிடவும் முடியாது, ஓடவும் முடியாது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மறுபடி தாள் பிடுங்குகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் மூச்சு விட்டேன். பன்னேர்கட்டாவிலிருந்து வருஷா வருஷம் யானை கூட்டம் கூட்டமாக இறங்குகிறதே, அதில் பிரிந்து வந்த ஒன்று.

பிரகாசமான கலர் எடுக்காதீர்கள், உள்ளே விளக்கைக் குறைத்துப் போடுங்கள், ராகி, பலா, வாழை இருக்கும் நிலத்தில் படுக்கவே படுக்காதீர்கள். காட்டுக்குள்ளே என்றால் பேச்சே இல்லை. இந்தப் பக்கத்துக் காவேரி வடக்குக் காடு 2014-லேயே வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. 2018 குரங்கணிக் காட்டுத்தீக்கு அப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதி வந்துவிட்டது, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் அபராதம், வழக்கு. டென்ட் எடை குறைவு என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பாருங்கள்.

அரூர்_அக்கா

தம்பி, மஞ்சளோ பச்சையோ, விளக்கு போட்டால் எல்லா டென்ட்டும் ஒளிரத்தான் செய்யும். உங்கள் மச்சானை அங்கே படுக்க விட்டது யார்?

தர்மபுரி_தையல்

விலை கேட்டுப் பயந்தவர்களுக்கு. நான் தைத்தே விட்டேன். கார் சீட் கவர் தைக்கும் கடை அண்ணனிடம் சில்பாலித் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலைவிட்டக் கோட்டை நேராக வெட்டாமல் உள்பக்கம் லேசாக வளைத்து வெட்ட வேண்டும், அப்போதுதான் இழுத்துக் கட்டும்போது விளிம்பு படபடக்காது. அந்த வளைவுக்குக் கணக்கு எல்லாம் வேண்டாம். சுவரில் இரண்டு ஆணி அடித்து மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, அது தொங்கும் கோட்டை அப்படியே காகிதத்தில் வரைந்தேன். அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், நேரா வெட்டுனா துணி மிச்சமாகும், இதென்ன பிறை மாதிரி?" என்றார். சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். மறுநாள் போனால் மூன்று துண்டு பிறை, ஒரு துண்டு மட்டும் சொக்கமாக நேராக வெட்டி, அதையும் அழகாகத் தைத்து முடித்திருக்கிறார். என் நல்லதுக்காகத் துணி மிச்சம் பிடித்தாராம்.

பிரிக்க மனசு வரவில்லை. அப்படியேதான் இருக்கிறது. காற்றில் அந்த ஒரு விளிம்பு மட்டும் அடித்துக்கொள்ளும், அதைக் காற்று வராத பக்கம் திருப்பி அடிக்கிறேன்.

தையல் ஓட்டைக்கு: ஹார்டுவேர் கடை சிலிக்கான், நிறமில்லாதது, அக்ரிலிக் கலக்காதது. பெயின்ட் கடை டர்பன்டைனில் கரைத்து, மொட்டை மாடியில் விரித்து எல்லாத் தையல் மேலும் பிரஷ்ஷால் ஒரு கோட். ஒரு நாள் காயவிட்டு, மடிக்கும் முன் டால்கம் பவுடர் தூவுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் பூசிய துணியில் வேறு எந்தப் பசையும், டேப்பும் நிற்காது. கடையில் வாங்கினாலும் சில்நைலான் என்றால் தையல் அடைத்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பலர் நம் தலையில்தான் கட்டுவார்கள்.

சந்தூர்_தோப்பு

சரி, சில்பாலி, நாலு பக்கம், உள்வலை தனி. ஒசூர் அண்ணா, இரண்டு போலைச் சேர்த்துக் கட்டுவது என்றீர்களே, வெல்க்ரோவா, கயிறா? என்னிடம் இருப்பது 130.