தம்பியின் மகள் கோல்ஃபைத் தொழிலாக எடுக்கலாமா?

கிளிநொச்சிப் பெரியப்பா:
ஒன்ராறியோவில் இருக்கும் தம்பி நேற்றிரவு தொலைபேசியில் அழாத குறை. மகளுக்கு வயது பதினேழு. பல்கலைக்கழகம் வேண்டாம், தொழில்முறை கோல்ஃப் ஆடப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்கிறான். நான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவன். கோல்ஃப் மைதானத்தை நுவரெலியாவில் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி.

போன ஆடியில் இங்கே வந்தபோது கோல் ஒன்றையும் கொண்டுவந்தாள். விடிய எழும்பி, மனைவி கூட்டிவிட்ட முற்றத்தில் ஒரு சிரட்டையைப் புதைத்துவிட்டுப் பந்தை உருட்டுவாள். ஒவ்வொரு முறையும் குந்தியிருந்து மண்ணைப் பார்ப்பாள். "பெரியப்பா, உங்கள் முற்றம் கிணற்றுப் பக்கம் சரிகிறது" என்றாள். மழை வெள்ளம் அந்தப் பக்கம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் அந்தச் சரிவு என் கண்ணில் பட்டதேயில்லை.

புரூக் ஹெண்டர்சனும் தங்கள் மாகாணத்துப் பெண்தான், அவரும் பதினேழில்தான் இறங்கினார், 2016இல் பெண்கள் பிஜிஏ என்ற பெரிய போட்டியின் பட்டத்தையே வென்றார் என்று வாதாடுகிறாள். ஒருத்தி வென்றால் எல்லோரும் வெல்வார்களா? நான் என்ன சொல்ல?

வவுனியாவிலிருந்து:
சிறுவயதில் நுவரெலியாவில் கோல்ஃப் பை சுமந்தவன் நான். 77 கலவரத்துக்குப் பிறகுதான் வன்னிக்கு வந்தோம். பையில் 14 கோல் வரை இருக்கும். தூர அடியைப் பார்த்துத்தான் துரைமார் கைதட்டுவார்கள்; ஆனால் ஆட்டம் தோற்பது குழிக்குப் பக்கத்தில். பெங்களூரு அதிதி அசோக் தூரம் அடிப்பவர் அல்லர். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்துகொண்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வாங்கியவரைவிட ஒரே ஓர் அடிதான் கூடுதல்; குறைந்த அடிக்கே பதக்கம். பை சுமந்தவர் அவருடைய அம்மா. அது சரி, பந்து சிரட்டைக்குள் விழுந்ததா என்று நீங்கள் எழுதவேயில்லையே?

ஸ்காபரோவிலிருந்து, ஊர் புதுக்குடியிருப்பு:
ஐயா, காசைப் பேசுவோம். முதல் இரண்டு நாளில் பின்தங்கினால் பெரும்பாலான போட்டிகளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு சதமும் வராது. விமானம், விடுதி, பை சுமப்பவரின் கூலி எல்லாம் அவள் தலையில். ஹெண்டர்சனுக்கு அக்காவே பை சுமந்தார். பதினெட்டு ஆகவில்லையென்று, பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ ஹெண்டர்சனை முதலில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே போய், 2015 ஆகஸ்டில் போர்ட்லண்டில் வென்ற பிறகே உறுப்புரிமை கொடுத்தார்கள்.

இன்னொன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோல்ஃப் ஆடும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுக்கின்றன. தொழில்முறைக்கு மாறிவிட்டால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். அவசரப்பட்டுக் கையெழுத்து எதுவும் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். மாகாணப் போட்டிகளில் எத்தனையாம் இடம் வருகிறாள்?

கிளிநொச்சிப் பெரியப்பா:
வவுனியா அண்ணருக்கு: பத்துக்கு ஆறேழு விழுந்தது. மனைவி வாசலில் இருந்து எண்ணியிருக்கிறாள், எனக்கே இன்றுதான் சொன்னாள்.

போன வருடம் பதினோராம் இடமாம். உதவித்தொகை பற்றித் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியுமோ என்னவோ. ஞாயிறு அவளோடு பேசுகிறேன், முதலில் அதைத்தான் கேட்பேன். சிரட்டை இன்னும் முற்றத்தில்தான் புதைந்திருக்கிறது. கோழிக்குஞ்சுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன.