பழைய பிக்கப்பைக் குறைந்த செலவில் மீட்டெடுத்த அனுபவங்கள்

பழைய பிக்கப் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘என்ன கலர் அடிக்கப் போறீங்க?’ என்பதாகவே இருக்கிறது. பணம் அளவோடு இருக்கும்போது பெயிண்ட்தான் கடைசி வேலை என்பது என் உறுதியான கருத்து. முதல் காசு துருவுக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். என் வண்டிக்கதையை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் எங்கே செலவழித்தீர்கள், எங்கே மிச்சம் பிடித்தீர்கள் என்று நீங்களும் எழுதுங்கள்.

என்னுடையது 1970 செவர்லே சி10. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். 1967 முதல் 1972 வரை வந்த இந்த உருவத்தின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் துணிந்து வாங்கியதற்குக் காரணம் வேறு. கதவு ரப்பர் முதல் கேபினின் தரைத் தகடு வரை இதற்கு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அபூர்வமான வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, ஒரு ஹெட்லைட் வளையத்துக்காக வருடக்கணக்கில் அலைபவர்களை எனக்குத் தெரியும். கை இறுக்கமாக இருப்பவர் முதலில் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டியைத் தேடுவது அப்புறம்.

வண்டியைப் பார்க்கப் போனபோது சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போனேன். நல்ல தகட்டின் மேல் இழுத்தால் ஒட்டிக்கொண்டே வரும். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடி விட்டுவிடும். வலது கதவுக்குப் பின்னால், கேபினின் கீழ் மூலையில் காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. விலை குறைய அதுவே போதுமாக இருந்தது. பிறகு உரித்துப் பார்த்தால் பட்டிக்கு அடியில் ஃபைபர் துணி, அதற்கும் உள்ளே உருட்டித் திணித்த செய்தித்தாள். அதன் மேல் பளபளவென்று பெயிண்ட்!

இந்த மாடலில் துரு வரும் இடங்கள் அனேகமாக எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். கேபினின் கீழ் மூலைகள், கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர், கேபின் சேசிஸின் மேல் உட்காரும் மவுண்ட்கள். இன்னொன்று பலர் கண்ணில் படாதது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போக ஒரு சல்லடை இருக்கும். அதன் வழியே இலைச் சருகு விழுந்து அடியில் தங்கி, ஈரம் கோத்து, கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரை உள்ளிருந்தே அரித்துவிடும். அங்கே கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சேசிஸில் ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ராக்கரை நானே மாற்றினேன். வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குள் சதுரக் குழாயைக் குறுக்காக வைத்து வெல்டு அடித்தேன். மூலைக்கு மூலை அளந்து, அளவுகளை மாஸ்கிங் டேப்பில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். ராக்கர்தான் அந்த இடத்தில் கேபினைத் தாங்குகிறது. தாங்கல் இல்லாமல் வெட்டினால் கேபின் லேசாகத் தொய்ந்துவிடும், அதன் பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை வெட்டி, பொருத்தி, கதவை மாட்டி இடைவெளி சரியாக இருக்கிறதென்று பார்த்த பின்புதான் மறுபக்கம் கை வைத்தேன். கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டரில் 0.6 மி.மீ. கம்பி. இங்கே ஒரு புள்ளி, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி. கையுறையைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு இறங்கிய பிறகே அடுத்த புள்ளி. அவசரப்பட்டு நீளமாக இழுத்தால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் உள்குழிகளில் மெழுகு கலந்த துருத் தடுப்பானைத் தெளியுங்கள். புதுத் தகடும் உள்ளிருந்துதான் அரிக்கும்.

•••

அண்ணா, பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். என் அனுபவம் முழுக்க அதுதான்.

என்னுடையது 1965 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. வாங்கிய புதிதில் ஒரு சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தபோது பெடல் அப்படியே தரை வரை போய்விட்டது. கையில் பார்க்கிங் பிரேக், கியரில் முதல் கியர், ஓரத்தில் மண் திட்டு, எல்லாம் சேர்ந்து வண்டியை நிறுத்தின. பின் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் சேசிஸோடு உரசும் இடத்தில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. ஒற்றை அறை என்றால் ஒரு இடத்தில் ஒழுகினாலே நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரட்டை அறை வைத்த மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடல்களில்தான் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நான் குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டேன். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம், பின்னால் சரக்குப் பெட்டி காலியாக ஓடும் வண்டிக்குப் போதும்.

டிஸ்க் வேண்டும் என்பவர்களுக்கு: சி10-இல் 1971 முதல் முன் டிஸ்க் எல்லா வண்டியிலும் வந்துவிட்டது. உடைத்து விற்கும் இடத்தில் 1971, 1972 வண்டியின் முன்பக்க செட்டை முழுதாக எடுத்தால் முந்தைய வருட வண்டிக்கும் பொருந்தும். ஆனால் வீல் போல்ட் ஆறிலிருந்து ஐந்தாக மாறும், பின்பக்கமும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருக்கும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்கோடு அப்படியே இணைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் வால்வு குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடேறிவிடும்.

பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

டயரும் அப்படித்தான். என் வண்டியில் பட்டன் தேயாத டயர்கள், பார்க்கப் புதுசு. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின், கடைசியில் வரும் எண்ணைப் பார்த்தேன். நான்கு இலக்கம் என்றால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் மூன்றே இலக்கம். அதாவது 2000-க்கு முன் செய்தது. அன்றே கழற்றினேன்.

•••

நின்றுபோன என்ஜினைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் வண்டிகள் அனேகமாக நின்றுபோனவைதான். என்னுடையது டாட்சன் 620 பிக்கப். கொட்டகையில் நெடுங்காலம் கிடந்தது. ‘என்ஜின் ஜாம்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கினேன். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஊற விட்டேன். தினமும் கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசைத்துப் பார்ப்பேன். முரட்டு பலம் கூடாது. ஒரு நாள் மயிரிழை அளவு நகர்ந்தது. இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை. முழுச் சுற்று சுற்றியபோது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் வந்ததில்லை. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்த்தபோது ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன், ஏறியது. ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு. கொஞ்சம் ஓடவிட்டதும் ஒட்டியிருந்த ரிங் தானாகவே விட்டுக்கொடுத்தது, என்ஜினைப் பிரிக்கும் செலவே வரவில்லை.

டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷாகியிருந்தது. அது கார்புரேட்டருக்குள் போனால் வேலை இரட்டிப்பு. டேங்கை இறக்கி, காலி செய்து, நன்றாக அலசி, வினிகர் நிரப்பி ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரால் கழுவி உடனே உலர்த்தினேன். பெட்ரோல் டேங்கில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். காலியான டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும். ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலில் கரைந்து ஒழுகும்.

வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை லைட்டின் எர்த்திலும் வைத்து, லைட் எரியும்போது பார்த்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டையும் துருவையும் சுரண்டி இறுக்கியதும் பளிச்சென்று எரிந்தது. ஹார்னஸ் என்ற வயர்க் கட்டு முழுவதையும் மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டிருந்தால் பெருஞ்செலவு ஆகியிருக்கும்.

•••

எல்லோரும் பெயிண்ட் கடைசி என்கிறீர்கள். சரி, அதுவரை வெறும் தகடு துருப்பிடிக்காதா? நான் சாம்பல் நிற பிரைமர் அடித்து அப்படியே ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

•••

வேண்டாம் நண்பா. சாதாரண பிரைமரில் நுண்துளைகள் உண்டு, மழைத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அடியில் துரு ஓடுவது வெளியே தெரியாது. ஓட்டிக்கொண்டே வேலை செய்வதென்றால் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள், அது ஈரத்தை அடைக்கும்.

நான் பெயிண்டே அடிக்கவில்லை. என் 1968 சி10-இல் வெயிலில் வெளுத்த பச்சையும், அடியில் எட்டிப் பார்க்கும் பழைய பெயிண்டும், கதவில் பாதி அழிந்த கடைப்பெயரும் இருந்தன. அந்த வண்டி உழைத்த கதை அதில்தான் இருக்கிறது, அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சோப்புத் தண்ணீரால் கழுவி, மேலோட்டமான துருவை மெல்லிய தேய்ப்பானால் எடுத்து, பாயில்டு லின்சீட் ஆயிலைத் துணியால் மெலிதாகத் தேய்த்தேன். நிறம் ஆழமாகத் தெரிகிறது. அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய தகர டப்பாவில் வையுங்கள்.

பெயிண்டில் மிஞ்சியதை உயரத்தைக் குறைப்பதில் போட்டேன். இந்த வண்டியில் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான், அதனால் குட்டை ஸ்பிரிங் மாற்றுவது எளிது. ஆனால் பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் கம்பி நீளம் மாறாதது. வண்டி இறங்கினால் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு டயர் மட்டும் வெளியே துருத்தும். நீளம் மாற்றக்கூடிய கம்பி ஒன்றைப் போட்டதும் நடுவுக்கு வந்தது. பெட்டியின் தரையில் உளுத்த பலகைகளை நானே அறுத்து மாற்றினேன். மொத்த வேலையிலும் பார்ப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தப் பலகைகளைத்தான்.

•••

எபாக்ஸி பிரைமர் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெயிண்டுக்கு மேல் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலுக்குக் கெடுதல், சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள். அதே போல குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டு அடிக்காதீர்கள். பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும்.

என் வண்டி 1969 சி10. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. இந்த மாடலில் அப்படித்தான் வரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்பதால் அதைப் பெட்டிக்கு அடியில் சேசிஸ் நடுவே மாற்றினேன். சீட்டுக்குப் பின்னால் இடமும் கிடைத்தது, பெட்ரோல் வாடையும் போயிற்று. மூன்று முனை சீட் பெல்ட் போடும்போது நங்கூரப் போல்ட்டுக்குப் பின்னால் தடித்த தகடு வைத்து வெல்டு அடித்தேன். வெறும் கேபின் தகட்டில் மாட்டினால் இழுவையில் கிழிந்துவிடும்.

வேறு வண்டியின் டேங்க்கை வாங்குபவர்கள் உள்ளே இருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும் சென்டரை (sender) மல்டிமீட்டரால் அளந்து வாங்குங்கள். இந்த செவர்லேயின் மீட்டருக்குக் காலியில் 0, நிரம்பினால் 90 ஓம்ஸ் வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்டு சென்டர் நேர்மாறு: காலியில் சுமார் 73, நிரம்பினால் 10. அதை இதோடு இணைத்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது முள் காலிப் பக்கம் நிற்கும், பெட்ரோல் தீரத் தீர மேலே ஏறும்.