பதவி உயர்வு கிடைத்தால் வாத்தியார் இன்னும் நன்றாகப் பாடம் நடத்துவாரா?

யீஷூன்காரன்: என் தம்பி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதவி உயர்வெல்லாம் வெறும் கண்துடைப்பு என்கிறான். எனக்கு ஒப்பவில்லை. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2001லேயே எடு-பேக் என்ற ஆசிரியர் பணிவளர்ச்சித் திட்டத்தில் கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்புத்துறை என மூன்று பாதை போட்டுவிட்டது. துறைத்தலைவர் ஆகாமலே சீனியர் டீச்சர், லீட் டீச்சர், மாஸ்டர் டீச்சர் என்று மேலே போகலாம். வழி தெரிந்தால்தான் மனுஷன் உழைப்பான். இல்லாவிட்டால் டியூஷன் நிலையத்துக்குப் போய்விடுவான். மறுப்பவர்கள் வரலாம்.

சாக்கட்டி: வந்துவிட்டேன். ஜி1, அதாவது உயர்நிலைப் பள்ளியில் ஆக அடிப்படையான நிலைக் கணக்கு எடுக்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதிய பையன், ஜூன் விடுமுறைக்கு முன்னால் ஆறில் ஐந்து என்று போட்டான். அதுவும் பென்சிலில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு. இதை மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கே எழுதுவது? அதே தவணையில் பக்கத்து மேசைக்காரர் கற்றல் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்து, படம் போட்டு, எல்லாருக்கும் விளக்கமும் கொடுத்தார். ஆண்டிறுதியில் யார் பெயர் அடிபடும் என்று நினைக்கிறீர்கள்? உழைப்பு கூடத்தான் செய்கிறது அண்ணே, கூடுகிற இடம்தான் வகுப்பறை இல்லை.

செம்பவாங் அம்மா: அப்படிச் சொல்லுங்க டீச்சர்! என் மகளுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவர் அவ்வளவு அருமையாக நடத்துவார். துறைத்தலைவர் ஆனார், ஓ நிலைத் தேர்வு வருஷத்தில் வேறொருவர் வந்தார். அவருக்கு நல்லதுதான், எங்களுக்கு?

யீஷூன்காரன்: அதற்காக அவர் காலம் முழுக்க அதே இடத்தில் இருக்க வேண்டுமா அம்மா?

முன்னாள் எச்ஓடி: துறைத்தலைவராக, ஆசிரியர்களைத் தரம் பிரிக்கிற கூட்டத்தில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். சாக்கட்டி சொல்வதில் பாதி உண்மை. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு ஆசிரியர்களைப் பற்றி 2018இல் செய்த டாலிஸ் ஆய்வில், இங்குள்ள உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் வார வேலை ஏறக்குறைய 46 மணி நேரம், அதில் பாடம் நடத்துவது 18தான். மிச்ச நேரம் திருத்தல், தயாரிப்பு, கூட்டம், இணைப்பாட நடவடிக்கை. உயர்வுக்கு ஆசைப்படுகிறவர், கண்ணில் படுகிற வேலையில் கூடுதல் நேரத்தைப் போடுவார். மனித இயல்பு, குறை சொல்ல மாட்டேன். அப்புறம், உயர்வு கிடைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். சிலர் சோர்ந்துபோனார்கள். சிலர் ‘இனி யாருக்குக் காட்ட’ என்று முன்னைவிட நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் பாதையே வேண்டாம் என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் தேங்குவார்கள். சாக்கட்டி போன்றவர்கள் சீனியர் டீச்சர் ஆனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஜி1 வித்தை போய்ச்சேரும்.

சாக்கட்டி: சீனியர் டீச்சர் ஆனால் ஜி1 வகுப்பு என்னிடமே இருக்குமா சார்?

முன்னாள் எச்ஓடி: அது உங்கள் தலைமையாசிரியரைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

யீஷூன்காரன்: ஆக, பாதை வேண்டும் என்று டீச்சரும் ஒத்துக்கொண்டாயிற்று.

சாக்கட்டி: அவர்தான் ஒத்துக்கொண்டார். நான் இன்னும் இல்லை.