உதவி தேவை: ரயில் நகைச்சுவையைச் சொன்ன கலைஞர் யார்?

பொருநைக்கரை:
அவசரம். ஒரு பெரியவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் "செங்கோட்டை வண்டி எப்போது?" என்பார். "போய்விட்டது." "கொல்லம் மெயில்?" "ராத்திரிதான்." "கூட்ஸ்?" "இன்றைக்குக் கிடையாது." உடனே பேரனைப் பார்த்து, "ஏலே, ஆட்டை ஓட்டிக்கொண்டு வா, தண்டவாளத்தைத் தாண்டிவிடுவோம்!" என்பார். அப்பாவுக்கு உயிரான நகைச்சுவை இது. அடுத்த வாரம் அவருக்குச் சதாபிஷேகம். அந்தக் கலைஞரின் குரலிலேயே போட்டுக் காட்ட வேண்டும்.

அம்பை வாசகர்:
எங்கே கேட்டது? வானொலியா, கேசட்டா, கோயில் கொடைத் திருவிழாவா? எந்தக் காலம்?

பாளை ரசிகன்:
கலைவாணரேதான். 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் கிந்தனார் காலட்சேபம் கேட்டதில்லையா? அதிலேயே ரயில் வருகிறது.

வள்ளியூர்க்காரன்:
ரயில் வந்தாலே கலைவாணரா அண்ணாச்சி? தென்கச்சி கோ. சுவாமிநாதனாக இருக்கலாம். 'இன்று ஒரு தகவ'லை நகைச்சுவையோடுதான் முடிப்பார். நெல்லை வானொலியிலும் இருந்தவர்.

பழைய ஏடு:
தம்பிமார்களே, கொஞ்சம் படித்துவிட்டு எழுதுங்கள். கலைவாணருக்கும் நாகேஷுக்கும் நகைச்சுவை எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். 1928இல் சத்திரபுதுக்குளத்தில் பிறந்த நம் நெல்லைக்காரர். வில்லிசைக்காரர்களை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறீர்கள்.

பாளை ரசிகன்:
கலைவாணரும் நெல்லைச் சீமைதானே?

பழைய ஏடு:
அவர் பிறந்த ஒழுகினசேரி நாகர்கோவிலில் இருக்கிறது. அது முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி.

வள்ளியூர்க்காரன்:
எல்லைக்கோடு போட்டா வில்லுப்பாட்டு கேட்டார்கள்? எங்கள் ஊர்க் கொடைக்குத் தோவாளைப் பக்கத்துக் குழுக்களும் வரும். வில், குடம், உடுக்கை எல்லாம் ஒன்றுதான்.

பொருநைக்கரை:
அப்பாவிடம் கேட்டேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் கேட்டாராம். கதையில் வந்த ஸ்டேஷனும் சேரன்மகாதேவிதான்.

அம்பை வாசகர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்பா பார்த்த காலத்துக் கொல்லம் மெயில் விருதுநகர், ராஜபாளையம், தென்காசி வழியாகப் போனது. சேரன்மகாதேவிக்கு வந்ததே இல்லை. அதனால் இது தென்காசிப் பக்கம் சொல்லப்பட்ட கதை என்றும், கொடை நடக்கும் ஊருக்கு ஏற்பப் பாட்டுக்காரர் ஸ்டேஷன் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றும் நினைக்கிறேன். நல்ல வில்லிசைக்காரர் செய்வதுதான். சொந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடம் பழைய கொடை நோட்டீஸ் கேளுங்கள். அதில் குழுவின் பெயர் அச்சாகியிருக்கும்.

பழைய ஏடு:
அது ஊகம். சுப்பு ஆறுமுகம் என்றே நான் இன்னும் சொல்வேன்.

வள்ளியூர்க்காரன்:
பக்கப்பாட்டுக்காரர் பெயரையும் பாருங்கள் தம்பி. பெரியவராக ஒருவர் கேட்க, ஸ்டேஷன் மாஸ்டராக மற்றவர் பதில் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது.

பொருநைக்கரை:
பெரியப்பா வீட்டுப் பரணில் நோட்டீஸ் கட்டு ஒன்று இருக்கிறதாம். நாளை போகிறேன். நன்றி.

பாளை ரசிகன்:
கிடைத்ததா தம்பி?